வாக்குத்தத்த அட்டைகள் மாறிய வருஷம்

அந்த வருஷம் ஜனவரி இரண்டாம் தேதி காலை ஏழேகால் மணிக்கு, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் டெலிபோன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சின்னப்பாவின் மொட்டை மாடியில் மூன்று பாய்மரம் கொண்ட மரக்கப்பல் ஒன்று வந்து நின்றது. தண்ணீர் டேங்குக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் இடம் பார்த்து, எதையும் இடிக்காமல் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்னப்பா காபித் தம்ளரோடு மாடிக்குப் போய் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டையை மறுபடி படித்தார். 'உன் மாடியில் ஒரு கப்பல் வந்து உனக்காகக் காத்திருக்கும்' என்று அதில் அச்சாகியிருந்தது. சரிதான் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். பத்து நாள் கழித்து மாநகராட்சியிலிருந்து இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்து பார்த்து, கூடுதல் தளத்துக்குப் பிளான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அட்டை விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜீவனஹள்ளி ஓரத்தில் இருக்கும் அந்தத் தமிழ்ச் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஒரு பெரிய தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துப் போதகர் ஜெபம் செய்வார். குடும்பத்துக்கு ஒருவர் வந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் பைபிள் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. ஃபிரிட்ஜில் ஒட்டுவார்கள், ஸ்கூட்டரில் ஒட்டுவார்கள், ஆபரேஷனுக்குப் போகும்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எடுத்ததை மாற்றக் கூடாது. மாற்றிக் கேட்பது விசுவாசக் குறைச்சல். ஒரு வருஷம் கட்டட மேஸ்திரி ஒருவர் தனக்கு வந்த அட்டையில் ஆட்டுமந்தை என்று இருந்ததைப் பார்த்து வேறு கேட்டார். யாரும் தரவில்லை. மனுஷன் இரண்டு ஆடு வாங்கிக் கட்டிய பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

அந்தச் சபையில் அன்னம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். நாற்பத்தொரு வயது, தனி ஆள், தொம்மலூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி வகுப்பு எடுத்தாள். பிள்ளைகளுக்காக அவள் ஒரு கதை எழுதியிருந்தாள். ஒரு ஊரைப் பெரிய நாகம் ஒன்று சுற்றி வளைத்துக்கொண்டு ஆட்களை விழுங்குகிறது. ஒரு பிள்ளை தானாகவே அதன் வாய்க்குள் போய், விழுங்கப்பட்டவர்களை வெளியே கூட்டிக்கொண்டு வருகிறது. நடுவில் கப்பல், பறக்கும் குடை, பேச்சைக் கேட்கும் காக்கைகள் எல்லாம் உண்டு. சபைக் கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தால் போதாதா, பாம்பும் பூதமும் எதற்கு என்று கேட்டார்கள். அதற்கு அன்னம்மாள், "பாம்பே இல்லாத கதையில பிள்ளைங்க எதை எதிர்த்து நிக்கும் சார்?" என்று கேட்டாள். கமிட்டி அடுத்த மூன்று கூட்டத்துக்கு அவளை அழைக்கவில்லை.

அவள் விடவில்லை. கதையை நூற்றிருபது வாக்கியமாக்கி, ஒரு அட்டைக்கு ஒரு வாக்கியமாக அச்சடித்து, வாரம் ஒன்று கொடுக்கலாம் என்று திட்டம் போட்டாள். வகுப்புக்கு ஒழுங்காக வந்தால்தான் கதை முழுசாகும். நாகம் வருவதற்கே இரண்டு வருஷம் ஆகும் என்பதை அவள் யோசிக்கவில்லை. கதை முழுவதையும் 'நீ' என்று எழுதியிருந்தாள். வீரன் என்று வேறு யாரோ இருந்தால் பிள்ளைகள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்பது அவள் கட்சி. 'நீ கப்பல் ஏறுவாய்', 'உன் குடை உன்னைத் தூக்கிச் செல்லும்' என்றுதான் ஒவ்வொரு வாக்கியமும் இருந்தது.

அச்சடித்தது ஜீவனஹள்ளியில் சின்ன பிரஸ் வைத்திருக்கும் முனிகிருஷ்ணன். சபைக்காரர் இல்லை; பிரஸ் சுவரில் முருகன் படம், வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம். சபையின் வாக்குத்தத்த அட்டையும் நூற்றிருபது, அன்னம்மாளின் கதை அட்டையும் நூற்றிருபது. ஒரே தாள், ஒரே ரோஜாப்பூ பார்டர். இரண்டையும் வெட்டி இரண்டு பெட்டியில் போட்டு, இரண்டும் அங்கேதானே போகிறது என்று இரண்டின் மேலும் 'சர்ச்' என்று எழுதினார். சபைப் பொருளாளர் மேலே இருந்த பெட்டியை எடுத்துத் தட்டில் கொட்டினார். அன்று அன்னம்மாள் சபைக் கோயிலில் இருந்திருந்தால் முதல் அட்டையிலேயே கண்டுபிடித்திருப்பாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அன்றைக்கும் போன் எடுக்க வேண்டியிருந்ததால் அவள் தொம்மலூரில் இருந்தாள்.

நூற்றிப்பத்தொன்பது குடும்பமும் வரிசையில் வந்து எடுத்தது. அட்டைகளில் எந்த அதிகாரம், எந்த வசனம் என்ற எண் இல்லை. அச்சுப்பிழையாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பறக்கும் குடை பைபிளில் எந்த ஆகமத்தில் வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள அந்தச் சபையில் ஆள் கிடையாது. பக்கத்தில் இருப்பவரின் அட்டையைப் பார்த்து, ஆஹா, நல்ல வசனம், நம்ம அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த வசனம் என்று சொல்லிக்கொண்டார்கள். தட்டில் ஒரு அட்டை மிஞ்சியது. அது அன்னம்மாளின் பங்கு. அந்த நேரம் பார்த்து முனிகிருஷ்ணன் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வந்தார். போதகர் மனசு நிறைந்து, "எடுங்க ஐயா, உங்களுக்கும் ஆண்டவர் ஒண்ணு வெச்சிருப்பாரு, மாத்த மட்டும் கூடாது" என்று தட்டை நீட்டினார். முனிகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். அன்று முன்னூறு பேருக்குக் கைகொடுத்த போதகர் சாயங்காலத்துக்குள் அதை மறந்துவிட்டார்.

ஜெபித்த தட்டு ஜெபித்த தட்டுதான். கப்பலுக்கு அடுத்த நாள் போதகர் வாய் திறந்ததும் காக்கைகள் ஜன்னல் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்டன. நாற்பது நிமிஷத்துக்கு மேல் போனால் மட்டும் கத்தின. இது சபைக்கு நல்லதாகவே முடிந்தது. பாடகர் குழுப் பெண் ஒருத்தியை அவள் குடை அல்சூர் சிக்னலுக்கு மேலே தூக்கிக்கொண்டு போய், பதினொரு நிமிஷத்தில் தொம்மலூர் ஆபீஸ் வாசலில் இறக்கியது. அவள் ஒருநாள் கூட லேட் இல்லை என்று அந்த வருஷம் ஆபீஸில் கேடயம் வாங்கினாள். ஜனவரி இரண்டாம் ஞாயிறு அன்னம்மாள் அலமாரியைத் திறந்து, தன் பெட்டிக்குள் நூற்றிருபது உண்மையான வசனங்கள் இருப்பதைப் பார்த்தாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கடைசி இரண்டு வாக்கியம் ஞாபகம் வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நூற்றிப்பத்தொன்பதாவது வாக்கியம், 'நீ நாகத்தின் வாய்க்குள் தனியாகப் போவாய்.' அதை எடுத்தவள் எப்சிபா. ஒன்பது வயது, அன்னம்மாளின் வகுப்பிலேயே இருப்பவள். அப்பா பிரகாஷ் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீணா தையல். வீட்டுக்குச் சின்னவள் என்று ஒவ்வொரு வருஷமும் அவளைத்தான் எடுக்க விடுவார்கள். வீணா அந்த அட்டையை ஃபிரிட்ஜில் ஒட்டவில்லை. பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். கப்பல் வந்த செய்தி கேட்டதும் அட்டையை எடுத்துக்கொண்டு நேராகப் போதகரிடம் போனாள். இந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். "ஐயரே, மாத்திக் கேக்கறதுக்கு எனக்கு வெக்கமில்ல. விசுவாசம் இல்லாதவளுன்னு எழுதிக்குங்க. எனக்கு இருக்கறது ஒரு பொண்ணு" என்றாள். போதகர் நல்ல மனுஷர். சட்டத்தைத் தானே உடைத்து, தன் காக்கை அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு நாக அட்டையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். விடிந்து பார்த்தால் காக்கை அட்டை போதகரின் மேசை மேல் இருந்தது, நாக அட்டை கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது.

நூற்றிருபதாவது வாக்கியம், 'மூன்றாம் நாள் வெளியே வருவாய்; அது விழுங்கிய எல்லாரும் உன்னோடு வருவார்கள்.' அந்த அட்டை யாரிடம் இருக்கிறது என்று மூன்று ஞாயிறு தொடர்ந்து கோயிலில் அறிவித்தார்கள். யாரிடமும் இல்லை. அன்னம்மாள் அதே தாளில் தானே ஒரு அட்டை எழுதி எப்சிபாவிடம் கொடுத்துப் பார்த்தாள். மறுநாள் எழுத்து போய் வெறும் ரோஜாப்பூ மட்டும் இருந்தது. வாக்கை யாரும் தனக்குத்தானே எழுதிக்கொள்ள முடியாது போலிருக்கிறது. கமிட்டி கூடி, கதைக்காரிதான் இதற்கெல்லாம் காரணம் என்று தீர்மானம் போட்டது. எல்லா அட்டையையும் வாங்கி எரித்துவிடலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. குடைக்காரி எழுந்து நின்று, என் அட்டையைத் தொட்டால் தெரியும் சேதி என்றதும் அடங்கியது. அன்னம்மாளின் வகுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் வேறு டீச்சரிடம் போகாமல் கோயில் படிக்கட்டில் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மழை வரும்வரை எட்டு மாதம் எப்சிபா வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, அவளைத் தவிர. ஒருநாள் அவள் படிக்கட்டில் அன்னம்மாளிடம் கேட்டாள்.

"மிஸ், கதையில அவ பயந்தாளா?"

"பயந்தா. ரொம்பப் பயந்தா."

"அப்புறம்?"

"அப்புறமும் போனா."

"அந்தக் கடைசி அட்டை வேற ஒருத்தருதுன்னா, நான் அதை நம்பலாமா மிஸ்?" என்றாள். அன்னம்மாள் நம்பலாம் என்று தலையை ஆட்டினாள்.

செப்டம்பரில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஜீவனஹள்ளியின் பின்புறம் ராஜகால்வாய் ஓடுகிறது. பெயரில்தான் ராஜா, ஊர்ச் சாக்கடை முழுக்க அதில்தான். இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ருக்குவின் புருஷன் கோவிந்தப்பா பதினேழு வருஷத்துக்கு முன் இப்படி ஒரு மழையில் அதில் விழுந்தவர்தான், உடம்புகூடக் கிடைக்கவில்லை. ருக்கு வாரம் ஒருமுறை அவர் சட்டை ஒன்றைத் தேய்த்து மடித்து வைப்பாள். வியாழக்கிழமை மத்தியானம் கால்வாய்ச் சுவர் உடைந்தது. தண்ணீர் பரவாமல் எழுந்து நின்றது. மூன்று மாடி உயரம், பிளாஸ்டிக் கவர்களால் ஆன செதில், லாரி டயர் அகலத்துக்குக் கண். அது கீழ்த் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்து, முதலில் ஒரு பால் பூத்தை விழுங்கியது, பிறகு இரண்டு ஸ்கூட்டர், பிறகு ஆட்கள். வெள்ளிக்கிழமை காலைக்குள் பதினொரு பேர். அதில் ஒருத்தி முனிகிருஷ்ணனின் மனைவி சந்திரம்மா. தீயணைப்புப் படகு வந்தது. படகில் வந்தவர்கள் அதன் நீளத்தைக் குறித்துக்கொண்டு, இதற்குத் தனி உத்தரவு வேண்டும் என்று சொல்லிக் காத்திருந்தார்கள்.

வெள்ளி மத்தியானம் எப்சிபா பீரோவைத் திறக்கச் சொன்னாள். வீணா சாவியை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உள்ள இருக்கறவங்களுக்கு யாரும் அட்டை எடுக்கலம்மா, நான்தான எடுத்தேன்" என்று அந்தப் பிள்ளை சொன்னபோது சாவி தானாகக் கைநழுவியது. மஞ்சள் மழைக்கோட்டு, பரீட்சை எழுதும் அட்டை ஒன்று கேடயத்துக்கு, பையில் நாக அட்டையும் ஒரு டப்பா லெமன் சாதமும். பிரகாஷ் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். நாகத்தின் எதிரில் நின்று, "என்னை எடுத்துக்கோ, என் பிள்ளைய வுட்டுடு" என்று கத்தினார். அது அவருக்கு வாயைத் திறக்கவில்லை. அந்த அட்டை அவருடையது இல்லை. எப்சிபா இறங்கி முன்னால் போனதும் திறந்தது. அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள், பயத்தில் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் போனாள். வாய் மூடியது. பிரகாஷ் அந்தத் தண்ணீரை விட்டு நகர மறுத்துவிட்டார், வீணாவும் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

சனிக்கிழமை முழுவதும் அன்னம்மாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எப்சிபா எடுத்துப்போனதைத் தவிர மற்ற எல்லா வீட்டு அட்டையையும் கண்ணால் பார்த்துவிட்டாள். கடைசியாக, ஒருவேளை ஒன்றைக் குறைவாக வெட்டினார்களா என்று கேட்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேட்டுத் தெருவில் இருக்கும் பிரஸ்ஸுக்குப் போனாள். முனிகிருஷ்ணன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கட்டிங் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மிஷின் மேல் முருகன் படம், அதன் பக்கத்தில் குங்குமம் வைத்த ஒரு ரோஜாப்பூ அட்டை. அன்னம்மாள் அதைப் படித்தாள், மறுபடியும் படித்தாள்.

"அண்ணா, இது எங்க கெடச்சிச்சு?"

"உங்க ஐயருதான் குடுத்தாரும்மா, புது வருசத்துக்கு. நல்லா எழுதியிருந்திச்சு, ஒட்டிக்கினேன்."

அவளுக்கு எல்லாம் விளங்கியது. தான் வராத அன்று மிஞ்சியது தன் அட்டை. தான் எழுதிய முடிவு தனக்கே வந்திருந்தது, தான் அங்கே இல்லை. அழுதுகொண்டே முழுவதையும் சொல்லி, "அது என் பங்குண்ணா, குடுங்க, நான் போறேன்" என்று கையை நீட்டினாள். முனிகிருஷ்ணன் அட்டையைப் பிரித்தெடுத்து, சட்டையில் துடைத்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "மாத்தக் கூடாதுன்னு ஐயரு சொன்னாரேம்மா" என்றார். "வெளிய வருவேன்னு போட்டிருக்கு. வெளிய வரணும்னா உள்ள போவணும் இல்ல? அதும் இல்லாம என் பொண்டாட்டி உள்ளதான இருக்கா." ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு நடந்தார்.

தெருமுனையில் கமிட்டிக்காரர் ஒருவர், ஞானஸ்நானம் வாங்காதவருக்கு அந்த வாக்கு செல்லுமா என்று ஒரு கேள்வியைக் கிளப்பினார். போதகர் அந்த மனுஷரை வாழ்க்கையில் முதல்முறையாக, சும்மா இருய்யா என்று அதட்டினார். ஜன்னல் காக்கைகள் எல்லாம் போதகரின் பின்னால் வந்திருந்தன. முனிகிருஷ்ணன் தண்ணீரில் இறங்கி, பிரகாஷின் தோளைத் தட்டிவிட்டு, நாகத்தின் முன் போய் நின்று பாக்கெட்டிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார், கேட்டில் பாஸ் காட்டுவதைப் போல. அது வாயைத் திறந்தது.

உள்ளே நடந்ததைச் சந்திரம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். இருட்டில் அந்தப் பிள்ளை எல்லாரையும் கைகோத்து உட்கார வைத்து, லெமன் சாதத்தைப் பிரித்துக் கொடுத்து, முதல் வாக்கியத்திலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தது. நூற்றிப்பத்தொன்பது வரை வந்து நிறுத்திவிட்டது. அப்புறம் என்ன ஆச்சு என்று எல்லாரும் கெஞ்சினார்கள். "அடுத்த அட்டை என்னுது இல்ல, ஆனா அதைக் கொண்டு வருவாங்க" என்று மட்டும் சொன்னது. பயப்படுகிறவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து சொன்னது. ஐந்தாவது முறை சொல்லி முடித்தபோது செல்போன் வெளிச்சத்தோடு முனிகிருஷ்ணன் வந்து சேர்ந்தார். மனைவியைப் பார்த்ததும் அழுதார், பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைச் சத்தமாகப் படித்தார்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, சரியாக ஆராதனை நேரத்தில், நாகம் வாயைத் திறந்தது. முதலில் மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. வீணா போட்ட சத்தம் ரிச்சர்ட்ஸ் டவுன் வரை கேட்டது. மூன்றாம் நாள் என்பது எப்சிபா போன வெள்ளியிலிருந்தா, முனிகிருஷ்ணன் போன சனியிலிருந்தா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கமிட்டிக்காரரும் கணக்கை விட்டுவிட்டு ஓடினார். அவள் பின்னால் முனிகிருஷ்ணன், சந்திரம்மா, மற்ற பத்துப் பேர். அதோடு நிற்கவில்லை. எல்லாரும் என்றால் எல்லாரும்தான். அந்தக் கால்வாய் இத்தனை வருஷத்தில் விழுங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள்: கையில் குறடோடு ஒரு கரண்ட் லைன்மேன், நனையாத கடிதக் கட்டோடு ஒரு தபால்காரர், கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பேண்ட் வாத்தியக் கோஷ்டி, அவர்கள் வெளிச்சத்தைப் பார்த்ததும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். பின்னால் நாரைகளும் கெளுத்தி மீன்களும் வந்தன. போனது பதின்மூன்று, வந்தது ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டாவதாக வந்த கோவிந்தப்பாவுக்கு இன்னும் முப்பத்திரண்டு வயதுதான். தலை நரைத்த ருக்கு அவரை மேலும் கீழும் பார்த்து, "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டுவிட்டு, தேய்த்து வைத்திருந்த சட்டையைக் கொடுத்தாள்.

அப்போதுதான் சின்னப்பாவின் கப்பல் எதற்காகக் காத்திருந்தது என்பது தெரிந்தது. அது மாடியிலிருந்து மெதுவாக இறங்கி, கிணற்றில் வாளி இறங்குவதைப் போல அலுங்காமல் தண்ணீரில் உட்கார்ந்து, கீழ்த் தெருவுக்கு வந்தது. சின்னப்பா ஓட்டுகிற பாவனையில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஆனால் அது தானாகவே வந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேரும் ஏறினார்கள். பேண்ட் முழங்க, காக்கைகள் பாய்மரத்தில் வரிசையாக உட்கார, குடைக்காரி மேலே பறந்து வழிகாட்ட, கப்பல் கோயில் வாசலில் போய் நின்றது. பிள்ளைகள் எப்சிபாவைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். எப்சிபா கீழே இறங்கியதும் அன்னம்மாளைத் தேடிப் போய், அவள் புடவைக்குள் முகத்தைப் புதைத்து, மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகையை அழுது முடித்தாள். அன்னம்மாளும் அழுதாள். அன்றைக்கே வகுப்பைத் திருப்பிக் கொடுத்துத் தீர்மானம் போட்டார்கள். கமிட்டி அத்தனை சீக்கிரம் ஒரு தீர்மானம் போட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நாகம் வாயைத் திறந்தபடியே சாய்ந்து மறுபடி தண்ணீரானது. இப்போது அது கால்வாயில் ஒழுங்காக ஓடுகிறது, கீழ்த் தெருப் பிள்ளைகள் அதில் கல் எறிகிறார்கள். கப்பல் மாடிக்குத் திரும்பிவிட்டது. சின்னப்பா அதில் துணி காயப்போடுகிறார். தபால்காரர் தன் கட்டில் இருந்த கடிதங்களை இரண்டு வாரத்தில் கொடுத்து முடித்தார். அடுத்த புத்தாண்டுக்குச் சரியான பெட்டியே தட்டுக்கு வந்தது, எண் போட்ட வசனங்கள், எல்லாரும் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். முனிகிருஷ்ணன் அன்றும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒன்று எடுத்துக்கொண்டார். பழைய அட்டை மிஷின் மேல் அப்படியே இருக்கிறது, வெள்ளிதோறும் புதுக் குங்குமம். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வீணா பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியில் திரும்ப வைத்திருந்த போன வருஷத்து நாக அட்டையை எடுத்தாள். கேஸ் புக்கிங் நம்பருக்கும் பள்ளிக்கூட டைம்டேபிளுக்கும் நடுவில், ஃபிரிட்ஜ் கதவில், நான்கு மூலையிலும் செலோ டேப் போட்டு ஒட்டினாள்.